முதலில் சொன்னது

மாலை ஐந்தரைக்குச் சூரியன் எல்லோரையும் ஒரே நேரத்தில் கைவிடும். நாடு முழுக்கப் பரந்து கிடக்கும் சோலார் தகடுகள் ஓய்ந்துவிடும். வீடு திரும்புகிறவர்களோ அப்போதுதான் விளக்கையும் அடுப்பையும் போடுவார்கள். நடுவில் விழும் பள்ளத்தை மின்கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவள் நிரப்ப வேண்டும். அவசரத்துக்கு எரிக்க நிலக்கரியும் எண்ணெயும் இப்போது கிடையாது. காற்று, பேட்டரி, மலை அணை, அவ்வளவுதான். சுவரில் ஒளிரும் எண், மின்சாரம் பற்றாவிட்டால் இறங்கும் அதிர்வெண், ஐம்பதில் அசையாமல் நின்றால், நாட்டில் ஒருவருக்கும் அவள் ஞாபகம் வராது.

மலை அணையில் மெஷின் ஓட்டுகிறவர் அவள் கணவர். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில், "நீங்க வீட்ல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற மனிதர். மறுவாரமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு மலையேறிவிட்டார். அதன்பிறகு இருவரும் பேசுவது ஆபீஸ் லைனில் மட்டும்தான். ஒவ்வொரு சொல்லும் பதிவாகிற லைன். அங்கே அவர் சார், அவள் மேடம்.

காலையில் மகள் போன் செய்திருந்தாள்.

"அப்பா இன்னிக்கு ஆறு மணிக்குள்ள எழுதிக் கொடுக்கணுமாம். இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே இருக்காரா, திரும்பி வராரான்னு. நீ ஒரு வார்த்தை கூப்பிடேம்மா."

"அவருக்கே தோணட்டும்."

"கூப்பிட்டா முத்து உதிர்ந்துடுமா?"

பகலில் இரண்டு முறை கைபேசியை எடுத்தாள். இரண்டு முறையும் வைத்துவிட்டாள்.

"மேடம், கடலோரக் காத்து படுத்துடுச்சு" என்றார் பக்கத்து மேஜைக்காரர். காற்றைக் கணித்துச் சொல்வது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் காத்தாடி.

"சாயந்தரம் வரும்னு சொன்னீங்களே?"

"வரும்னுதான் சொன்னேன். தங்கும்னு சொன்னேனா?"

சுவரில் 49.91. பேட்டரியை இப்போதே காலி செய்தால் எட்டு மணிக்குக் கையைப் பிசைய வேண்டியதுதான். அணையைத்தான் கேட்க வேண்டும்.

அந்த லைனுக்கென்று விதிகள் உண்டு. சொன்னதைக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நேரம் சொல்லாத உத்தரவு உத்தரவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால், 'ரத்து' என்று வாயால் சொல்கிறவரை அது நிற்கும்.

மெஷினை மின்கட்டமைப்பில் இணைப்பதற்கு 'லைனுக்கு வாங்க' என்பது அவர்கள் பேச்சு. கடிகாரத்தில் ஐந்து முப்பத்தெட்டு. ஆறுக்கு இன்னும் இருபத்திரண்டு நிமிடம் என்று அவள் மனம் எண்ணிக்கொண்டிருந்தது.

"சார், ரெண்டாவது மெஷின். வீட்டுக்கு வாங்க."

"ரெண்டாவது மெஷின். வீட்டுக்கு வாங்க" என்று பல வருடப் பழக்கத்தில் திருப்பிச் சொன்ன குரல், அங்கேயே நின்றுவிட்டது.

அவளுக்குக் காது மடல் சுட்டது. காத்தாடி தன் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டார். எண் 49.87.

"ரெண்டாவது மெஷின் லைனுக்கு வாங்க, சார். அஞ்சு நாப்பத்திரண்டு. நூத்தம்பது மெகாவாட்."

"ரெண்டாவது மெஷின் லைனுக்கு. அஞ்சு நாப்பத்திரண்டு. நூத்தம்பது மெகாவாட். செய்யறேன்."

அவர் ரிசீவரை வைக்கவில்லை. பகலெல்லாம் மிஞ்சிய சோலார் மின்சாரத்தில் மேலே ஏற்றிவைத்த தண்ணீர் இறங்கும் இரைச்சல் கேட்டது. எண் மெல்ல ஏறியது. 49.93. 49.98. வீட்டில் அவருடைய நாற்காலியில் இரண்டு வருடமாக மடித்த துணிகளை அடுக்கி வைத்திருப்பது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

"வந்துடுச்சு. நன்றி, சார்."

"ஒரு சந்தேகம், மேடம்." இருமினார். "முதல்ல சொன்னது ரத்தா? நீங்க ரத்துன்னு சொல்லலை."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் தவறியது என்று பதிவில் போய்விடும். ஆறு மணிக்குள் அவர் எழுதிக் கொடுத்துவிடுவார். நாட்டில் ஒரு விளக்குகூட அணையாது.

"இல்ல" என்றாள். "அது ரத்து இல்ல. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை சொன்னதுதான் ரத்து."



"அதையும் திருப்பிச் சொல்லணுமா?"

"வேண்டாம்."

"அப்ப நேரம் சொல்லு." மேடம் போயிருந்தது.

"சனிக்கிழமை. காலைல."

"சனிக்கிழமை. காலைல. வீட்டுக்கு." கொஞ்சம் பொறுத்து, "செய்யறேன்" என்றார்.

ரிசீவரை வைத்தாள். சுவரில் ஐம்பது. ஷிப்ட் முடிய நான்கு மணி நேரமும், சனிக்கிழமைக்கு நான்கு நாளும் இருந்தன. அந்தத் துணிகளை இனி எங்கே வைப்பது என்று யோசித்தாள்.