ஓவர் என்று தொடங்கும் சொற்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் இரும்பு வார்ப்புப் பட்டறையில் நான்கு மாநிலத்து ஆட்கள் வேலை செய்கிறோம். ஒருத்தன் பேசுவது இன்னொருத்தனுக்குப் பாதிதான் புரியும். ஆனால் 'ஓவர்' எல்லாருக்கும் புரியும். உலை கொதித்தால் ஓவர்ஹீட், தண்ணீர்த் தொட்டி வழிந்தால் ஓவர்ஃப்ளோ, பாரம் மீறினால் ஓவர்லோட், நேரம் மீறினால் ஓவர்டைம். ஒரு சொல்லின் தலையில் ஓவர் ஏறி உட்கார்ந்தால் எல்லை தாண்டியாயிற்று என்று அர்த்தம். இதை எங்களுக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. தெரிந்து என்ன பிரயோஜனம்? ஓவர்டைமைத் தவிர வேறு எதையும் நாங்கள் மதித்ததில்லை.

என் மனைவி ஹெலன் அங்கே கிரேன் ஓட்டுகிறாள். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். உருகிய எஃகை வாங்கிக்கொள்ளும் லேடில் என்கிற பெரிய கொப்பரையைத் தூக்கி வந்து, குழியில் வரிசையாக இருக்கும் அச்சுகளுக்கு மேல் நிறுத்துவது அவள் வேலை. பாரம் மீறினால் மோட்டாருக்குப் போகும் கரண்டைத் தானே நிறுத்த, அந்தக் கிரேனில் ஓவர்லோட் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அது அடிக்கடி நிறுத்தும். எங்களுக்குப் பேஜாரு. எலெக்ட்ரீஷியன் லோகு, பூஜையில் மிஞ்சிய ஊதுபத்திக் குச்சியை ஒடித்து அதன் இடுக்கில் செருகிவிடுவான். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் அது வாயைத் திறக்காது. எல்லா ஷிஃப்டிலும் இதே கதைதான். ஹெலன் ஒருமுறை சூப்பர்வைசர் அருணாச்சலத்திடம் இதைக் கேட்டதற்கு, ரொம்ப ஓவராகப் பண்ணாதே என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

அன்று குழி வேலை அந்தோணிக்கு. அவனுக்குப் பல்வலி. முதலுதவி அறைக்குப் போகிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள் என்றான். ஹெலன் அதற்கு முன்பே மேலே ஏறிவிட்டாள். நான் வெள்ளிநிறக் கோட்டும் முகமூடியும் மாட்டிக்கொண்டு குழியில் இறங்கினேன். அந்த வேஷத்தில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

லேடிலின் சூடு தாங்கும் உள்பூச்சைப் போன வாரமே உரித்துப் புதிதாகப் பூசியிருக்க வேண்டும். ஆர்டர் அவசரம் என்று தள்ளிப்போட்டார்கள். பழைய எஃகு அடியில் உறைந்துபோய்க் கிடந்ததால் அதற்கே கனம் கூடியிருந்தது. அதில் வழிய வழிய நிரப்பினார்கள். பாதி அச்சுகளை ஊற்றி முடித்து, ஹெலன் லேடிலை மறுபடி உயர்த்தும்போது மேலே டப்பென்று ஒரு சத்தம். கரும்புகை. மோட்டார் எரிந்து கிரேன் மொத்தமும் செத்துப்போனது. பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டது.

லேடில் என் படிக்கட்டுக்குப் பக்கத்தில், இரண்டு ஆள் உயரத்தில் தொங்கியது. குழிக்கு இருப்பது அந்த ஒரே படி. எனக்குப் பின்னால் அப்போதுதான் ஊற்றிய அச்சுகள், அந்தப் பக்கம் போக முடியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேடிலின் வயிற்றில், படியைப் பார்த்த பக்கம், ஓர் இடம் சிவந்தது. சிவப்பு ஆரஞ்சானது. அங்கிருந்து எஃகு சொட்டுச் சொட்டாகப் படியில் விழத் தொடங்கியது. அந்த உயரத்தில் அது பிளந்தால் மொத்தமும் பீறிட்டுக் குழிக்குள்தான் வரும்.

பயந்தேன். ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், கண்ணை எடுக்க முடியவில்லை. எத்தனையோ வருஷம் அதன் பக்கத்திலேயே சோறு தின்றவன் நான். அது எவ்வளவு பெரியது என்று அன்றுதான் பார்த்தேன். சூரியனை யாரோ சட்டியில் வைத்துத் தலைக்கு மேல் பிடித்த மாதிரி இருந்தது.

படிக்குப் பக்கத்திலேயே, இப்படி ஆபத்து வந்தால் லேடிலை இறக்கி வைப்பதற்கு ஒரு மணல் தொட்டி உண்டு. லேடில் அதற்கு நேர் மேலேதான் தொங்கியது. மணலில் உட்கார்ந்துவிட்டால் ஒழுகுவதை மணல் குடித்துக்கொள்ளும். ஆனால் மோட்டார் இல்லாமல் இறக்க வேண்டுமென்றால், ஒருவர் கிரேனின் முதுகில் ஏறி, பிரேக்கின் நெம்புகோலைக் கையால் தளர்த்த வேண்டும். அரை அங்குலம் கூடினால் லேடில் தொப்பென்று விழும்.

ஹெலன் புகைக்குள் ஏறுவது தெரிந்தது. அங்கிருந்து குனிந்து கத்தினாள்.

"கீழ யாரு கீறது?"

குழி ஓரத்தில் நின்ற அருணாச்சலம் என்னைப் பார்த்தார். நான் குழிக்குள் இறங்கியதைப் பார்த்தவர் அவர். மேலே நிமிர்ந்து சொன்னார்: "அந்தோணிம்மா."

எனக்குச் சுருக்கென்றது. சாகும்போதுகூட என் பேரில் சாக விடமாட்டாரா இந்த மனுஷன் என்று நினைத்தேன்.

லேடில் ஒரு சாண் இறங்கி நின்றது. சங்கிலிகள் முனகின. இன்னொரு சாண். கொதிக்கிற பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிப்பவளின் நிதானம் அது. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. அத்தனை டன் நெருப்பு ஒரு பெண்ணின் மணிக்கட்டுக்குக் கட்டுப்பட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஜெபம் சொல்ல வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. அவள் கை இருந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

லேடில் மணலில் உட்கார்ந்தது. சிவந்த வயிறு பிளந்து, எஃகு புஸ்ஸென்று மணலுக்குள் போனது. படியில் சொட்டுவது நின்றது. தாவி ஏறி வெளியே வந்தேன்.

ஹெலன் ஏணியிலிருந்து இறங்கி வரும்போது நான் முகமூடியைக் கழற்றினேன். என்னைப் பார்த்தாள். அப்புறம் அருணாச்சலத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, உண்மையைச் சொல்லியிருந்தால் உன் கை நடுங்காமல் நின்றிருக்குமா என்று மட்டும் கேட்டார். அவள் தூசியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தோணி பொண்டாட்டி மூஞ்சில எப்பிடி முழிக்கிறதுன்னு நெனச்சிக்கினேதான் எறக்கினேன்," என்றாள். "உன்ன நெனைக்கவே இல்ல."

தூக்கிவிட என் கையை நீட்டினேன். அத்தனை நெருப்பையும் இறக்கிய அந்தக் கையைத் தொட எனக்குப் பயமாக இருந்தது.