ஓடாத கட்டில்

20

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது நான் மல்லாந்து படுத்திருந்தேன். 1987 ஆகஸ்டில் ஏற்காட்டில் கிளியூர் அருவியைப் பார்த்தபடி, நல்ல உவமை ஒன்று தேடிக்கொண்டே பாறையில் கால் வைத்தேன். உவமையும் கிடைக்கவில்லை, பாறையும் கிடைக்கவில்லை. வலது கால் முறிந்தது, மண்டையிலும் அடி. எஸ்டேட்காரர்கள் சேர்ந்து வாங்கி விட்டிருந்த ஆம்புலன்ஸ் வேனில் ஏற்றி என்னைச் சேலத்துக்கு இறக்கினார்கள்.

அந்த மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து வந்தால் இருபதில் தொடங்கி ஒன்றில் முடியும். பகுதிகளுக்கு அந்த எண்களையே போட்டிருக்கிறேன். நடுவில் எண்கள் விட்டுப்போயிருந்தால் அச்சகத்தைத் திட்டாதீர்கள். அந்த வளைவுகளில் எனக்கு நினைவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "சேர்வராயன் மலையுச்சியில் மேகங்கள், காயத்தில் வைத்த பஞ்சு போல—"

[நிறுத்திவிட்டேன். உவமையால் ஒரு கால் போனது போதாதா?]

19

கண்ணாயியை அறிமுகப்படுத்த வேண்டும். வேனில் நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருபவள். முதலுதவிப் பயிற்சி எடுத்தவள், செம்மநத்தத்துக்காரி, வயது இருபத்தாறு. "ஆழ்ந்த கண்கள்" என்று எழுதி அடித்துவிட்டேன். நான் பார்த்தது அவளுடைய மோவாயின் அடிப்பக்கத்தையும் ஒரு பாதத்தையும்தான். படுத்துக்கொண்டு வருகிறவனுக்குக் கதாநாயகி அவ்வளவுதான் தெரிவாள். அந்தப் பாதம் ஸ்ட்ரெச்சரின் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. வளைவு வரும்போதெல்லாம் அதன் விரல்கள் இறுகின.

"தூங்கக் கூடாதுங்க சார். மண்டையில அடிபட்டவங்க பேசிக்கிட்டே வரோணும். என்ன வேல பாக்கறீங்க?"

"கதை எழுதறேன்."

"அது சரிங்க. வேல என்ன பாக்கறீங்க?"

வேனை ஓட்டிக்கொண்டிருந்த அப்துல் காதர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு தரம் குலுங்கியது.

"சரி, நீங்க பேசலீன்னா நான் பேசறனுங்க. ஆனா 'ம்' போடோணும். 'ம்' நின்னுச்சுன்னா கன்னத்துல அறைவேன், கோவிச்சுக்காதீங்க."*

* அறைந்தாள். பாசமாக என்று சொல்ல முடியாது.

14

கண் திறந்தபோது அவள் வேறொரு கதையின் நடுவில் இருந்தாள். வருகிற திங்கட்கிழமை கல்லூரியில் சேர வேண்டுமாம். நர்சிங் பட்டப்படிப்பு, நாலு வருஷம். அன்றைக்குப் போகாவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும்.

"நேர்முகத்துல மூணு பேரு உக்காந்திருந்தாங்க. நோயாளிகிட்டப் போனதும் மொதல்ல என்ன செய்வேன்னு கேட்டாங்க. கட்டில் கால்ல என்ற காலை முட்டுக் குடுப்பேன்னு சொல்லிப் போட்டனுங்க."

"ம்?"

"பின்ன, வளைவுல உருண்டுருவாங்கல்லங்க? மூணு பேரும் அப்படிச் சிரிச்சாங்க. ஒரு அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டு, 'ஆஸ்பத்திரிக் கட்டில் ஓடாதும்மா'ன்னாங்க. எனக்கு நொம்ப வெக்கமாப் போச்சு. மீதிக் கேள்விக்கெல்லாம் என்ன சொன்னேன்னே தெரியல. எப்படியோ எடம் குடுத்துட்டாங்க."

[இந்த இடத்தில் அவள் சுருக்கென்று ஒரு பதில் சொல்லி மூன்று பேரையும் வாயடைக்க வைத்ததாக எழுதியிருந்தேன். பதில் பிரமாதமாக வந்திருந்தது. ஆனால் அது என் பதில், உட்கார்ந்து யோசித்து எழுதியது. அவள் முகம் சிவந்து நின்றாள். அப்படியே நிற்கட்டும்.]

கைப்பிரதியைப் படித்த நண்பர் ஒருவர், "மலைப்பாதை, ரத்தம், ஆம்புலன்ஸ்... இதை ஓர் ஆணாக மாற்றிவிடேன், நம்பும்படி இருக்கும்" என்றார். மாற்றிப் பார்த்தேன். அந்த ஆண் ஆறு வளைவுகளுக்குத் தன் சம்பளத்தைப் பற்றியே பேசினான். இறக்கிவிட்டேன்.

9

"இந்த வேலையை எதுக்கு விடறீங்க?" என்று கேட்டேன். முனகலாகத்தான் வந்திருக்கும்.

"முடிவு தெரியோணுமுங்க," என்றாள்.

முன்பு ஒருமுறை கொட்டச்சேட்டிலிருந்து ஒரு பிரசவக்காரியை ஏற்றி வந்திருக்கிறாள். வழி நெடுக அந்தப் பெண் இவள் கையை விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பெயரும் ஊரும் சொல்லி ஒப்படைத்தாள். கதவைச் சாத்தினார்கள், வேன் திரும்பிவிட்டது. இவள் இறக்கிவிட்ட எல்லோர் கதையும் இப்படித்தான். அந்தக் கதவுக்கு அப்பால் ஒருவருக்கும் என்ன ஆனது என்று இவளுக்குத் தெரியாது.

"அப்புறம் ஒரு நா சந்தையில அவ புருசனப் பாத்தனுங்க. ஓடிப் போயிக் கேட்டிருக்கலாம். கேக்கலீங்க. வெங்காய மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். கேக்கப் பயமுங்க. அவன் வளையல் வாங்குனான்."

"அப்போ அந்தப் பொண்ணு பொழச்சிருக்கு!" மண்டை உடைந்திருந்தாலும் நல்ல முடிவு என்றால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

"இல்லாட்டி ரெண்டாங் கல்யாணத்துக்கு வாங்கியிருப்பான். ஆம்பளைங்க எத்தன மாசந்தான் பொறுப்பாங்க, சொல்லுங்க."

முன்னால் காதர் இருமினார்.

"இனி நான் கதவுக்கு உள்ளார நிக்கோணுமுங்க சார். பொழச்சாலும் சரி, செத்தாலும் சரி. என்ற கண்ணால பாக்கோணும்."

இதற்கு 'ம்' போட எனக்குத் தோன்றவில்லை. அவளும் அறையவில்லை.

4

"நீ உள்ளார போயி நின்னுக்குவ கண்ணு," என்றார் காதர், திரும்பாமலே. "இங்க ஆரு உக்காருவா? பொம்பளயாளு இல்லீன்னா பிரசவத்துக்கு எவ இந்த வண்டியில ஏறுவா? ஊட்டுலயே கெடந்து சாவாளுக."

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று காதரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். மீசையைப் பெரிதாக்கினேன், ஒரு பீடியைக் கொடுத்தேன். ஆனால் அவர் சொன்னது நியாயமாக இருந்தது. மீசையால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"நாலு வருசம் படிச்சுப் போட்டு மலைக்கே வந்துர்றனுங்கண்ணா."

"பட்டம் வாங்குனவ எவ கண்ணு திரும்ப மலையேறியிருக்கா?"

பேச்சு நிற்கக் கூடாது என்று என்னை மிரட்டிய கண்ணாயி மூன்று வளைவுகளுக்கு வாய் திறக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது, எனக்காக அல்ல.

1

கடைசி வளைவு தாண்டிச் சமதரை வந்தது. சாலை நேராக ஓடியது. அவள் பாதம் மட்டும் முட்டுக்கொடுத்தபடியே இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. அவள் என் காதருகே குனிந்தாள்.

"சார், முடிவு பண்ணிட்டனுங்க. திங்கக்கெழம நான்—"

பின்கதவைத் திறந்து என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். பின்னாலிருந்து அவள் என்னை ஒப்படைக்கும் குரல் கேட்டது.

"வலது காலு ஒடஞ்சிருக்கு. மண்டையில அடி, நெனவு வந்து வந்து போவுது. பேரு கேட்டா கதைங்கறாரு. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க, தூங்க உட்றாதீங்க."

கதவைச் சாத்தினார்கள்.

0

முடிவு ஒன்று: வெள்ளை உடுப்பில் அவள் விளக்கேந்தி— [வேண்டாம். மின்சாரம் இருக்கிறது.]

முடிவு இரண்டு: திங்கட்கிழமை காலை, கையில் பெட்டியோடு பஸ்ஸில் ஏறப் போகும்போது, பிரசவ வலியில் ஒருத்தி— [இதை நானே எங்கோ படித்த மாதிரி இருக்கிறது.]

"நேரில் போய்க் கேட்டால் தெரிந்துவிடுமே, ஐயா?" என்கிறீர்கள். போனேன். மறு வருஷம் கோடையில், ஏற்காடு சந்தை நாளன்று. சந்தையோரமாக அந்த வேன் வந்தது. காதர் ஓட்டிக்கொண்டிருந்தார். பாதி திறந்த பின்கதவு வழியாக ஸ்ட்ரெச்சரின் காலும், அதற்கு முட்டுக்கொடுத்த ஒரு பெண்ணின் பாதமும் தெரிந்தன. அவள் போகவே இல்லையா? அல்லது அவள் போய், அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாளா? அந்தப் பாதையில் அங்கே உட்காருகிற எவளும் அப்படித்தானே காலை வைப்பாள்?

நாலடி நடந்து முகத்தைப் பார்த்திருக்கலாம். நான் ஒரு பலாப்பழக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வேன் போன பிறகு டீ குடித்தேன். கேட்கப் பயமாக இருந்தது.

ஆக, வாசல் வந்துவிட்டது. என் வேலை இதுவரைக்கும்தான். பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் கண்ணாயி, ஊர் செம்மநத்தம். இருபத்தாறு வயது. நினைவு நன்றாக இருக்கிறது, வெட்கமும் பயமும் உண்டு. பாதி வாக்கியத்தில் இருக்கிறாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

அவளைக் கல்லூரியில் சேர்த்தாலும் சரி, வேனிலேயே உட்கார வைத்தாலும் சரி, எழுதப் போகிறவர் நீங்கள். எதை எழுதினாலும் எங்கேயாவது ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அவள் கண்ணில் படட்டும்: அந்தக் கதைக்காரர் பிழைத்துக்கொண்டார், கால் சேர்ந்துவிட்டது.

மழை நாளில் நொண்டுவதை மட்டும் எழுதாதீர்கள்.