கடைவாய்க்கு எவ்வளவு போச்சு

திருட்டுச் செய்தி வந்தபோது பல்செட்காரர் ஒரு மேல்வரிசைக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தார். பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், நாலு எட்டு வைத்தால் சுவரில் முட்டிக்கொள்கிற ஒரு அறை. முன்னால் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார், பின்னால் இவர் பல் கட்டித் தருவார். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. பேச்சுத் துணைக்கு மெருகு போடும் மோட்டார் ஒன்று உண்டு, அதுவும் காலால் மிதித்தால்தான் பேசும்.

போன் அதிர்ந்தது. "எங்கள் சேவையின் பொதுப் பணப்பையைத் திருடர்கள் காலி செய்துவிட்டார்கள். உங்கள் கணக்கில் இருந்த தொகையும் அதில் போய்விட்டது. வருந்துகிறோம்" என்று இருந்தது. இரண்டு தரம் படித்தார். பிறகு சிரித்தார். பணம் போனவர் சிரிப்பாரா என்று கேட்கலாம். அவர் கணக்கில் இருந்தது இரண்டு டீ குடிக்கிற காசு. மூன்றாவது டீக்கு ஆசைப்பட்டால் கைக்காசைப் போட வேண்டியிருக்கும்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அக்கா மகன். அக்காவும் அவனும் இவரோடு ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பழைய கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

"மாமா, இதை அணைச்சிடாதீங்க. கிரிப்டோங்கிற கம்ப்யூட்டர் நாணயம் எடுக்கிற கம்பெனிக்கு இது ராப்பகலா கணக்குப் போட்டுக் கொடுக்கும். அதுக்கு அவங்க கூலி தருவாங்க. உங்க பேர்ல சேர்ந்துக்கிட்டே இருக்கும்" என்றான்.

கம்ப்யூட்டரை வாடகைக்கு விடுவது மாதிரி என்று இவர் புரிந்துகொண்டார். கிழட்டு மாட்டுக்கு யார் நல்ல வாடகை கொடுப்பார்கள்? கரண்ட் பில் ஏறியதுதான் மிச்சம். ஆனாலும் அணைக்கவில்லை. உள்ளே ஒரு காத்தாடி சுற்றும், அந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். அக்காவிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி உடம்பப் பாத்துக்கோ." நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த வாரத்துக்கு அவர் ஆஸ்பத்திரிக்கு வெளியே பேசிய பேச்சு அவ்வளவுதான்.

செய்தியின் அடியில், பணம் பறிகொடுத்தவர்கள் கூடிப் பேச ஒரு குழு தொடங்கியிருப்பதாக இருந்தது. வேடிக்கை பார்க்கலாம் என்று உள்ளே போனார்.

உள்ளே சாவு வீடும் சந்தைக்கடையும் ஒன்றாக நடந்துகொண்டிருந்தது. நாலாயிரம் பேர். ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. 'இரும்பு மண்டை' என்கிறவர் கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். 'பூனைக்காரி' என்கிற பெண், வீட்டில் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்று எல்லாரிடமும் யோசனை கேட்டாள். ஒருத்தர் "நான் அப்பவே சொன்னேன்" என்று எழுதினார். அப்பவே சொன்ன மகராசன் தன் பணத்தை எதற்கு அங்கேயே வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. இன்னொருவன், முன்பணம் அனுப்பினால் திருடனைப் பிடித்து முழுசாக மீட்டுத் தருகிறேன் என்று கடை விரித்தான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று பார்க்கிறவன். எல்லாரும் சேர்ந்து அவனை விரட்டினார்கள். பல்செட்காரரும் தன் பங்குக்கு "கிளம்புடா" என்று எழுதினார். அதற்குப் பதினொரு பேர் கைதட்டினார்கள். அவர் வேலையை விட்டுவிட்டு அந்தப் பதினொரு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மெழுகு இறுகிப்போயிற்று.

குழுவில் அவர் பெயர் 'கடைவாய்'. பல் தொழில் என்பதால், கம்பெனிக் கணக்கு தொடங்கும்போதே அக்கா மகன் விளையாட்டாக வைத்துவிட்டுப் போன பெயர்.

"கடைவாய் அண்ணே, உங்களுக்கு எவ்வளவு போச்சு?" என்று ஒருவன் கேட்டான். அவன் பெயர் 'ரிவர்ஸ் கியர்'.

நியாயமாக இரண்டு டீ என்று எழுதியிருக்க வேண்டும். விரல் நுனி வரை வந்தது. ஆனால் எழுதினால் என்ன ஆகும்? நாலு பேர் சிரிப்பார்கள், ஐந்தாவது ஆள் "அப்ப இங்க என்ன வேலை" என்பான். சாவு வீட்டில் உறவு முறை சொல்ல முடியாதவன் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்க முடியும்?

"எல்லாமே போச்சு தம்பி. நாலு வருஷச் சேமிப்பு" என்று எழுதினார்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இது அவரே பயந்துபோகிற அளவுக்குப் பொருந்திவிட்டது. அடுத்த பத்து நிமிஷத்தில் முப்பது பேர் ஆறுதல் சொன்னார்கள். இரும்பு மண்டைகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டு, "அண்ணே, தனியா இருக்காதீங்க" என்று எழுதினார். பல்செட்காரர் அதை மூன்று தரம் படித்தார். பொய்க்கு வந்த ஆறுதல்தான். ஆனால் அந்த ஒரு வரியை அவரிடம் யாரோ சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று.

குழுவிலேயே நம்பர் கேட்டு வாங்கி, அன்று மாலை ஆறரைக்கு ரிவர்ஸ் கியர் போன் செய்தான்.

அவன் லாரி ஓட்டுகிறவன். இன்னொரு லாரி வாங்க முன்பணமாக வைத்திருந்ததையெல்லாம் கிரிப்டோ நாணயமாக மாற்றி அதே கம்பெனியில் போட்டு வைத்திருந்தான், மொத்தமும் போயிற்று. பெண்டாட்டி அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தினமும் சாயங்காலம் ஒரு கிடங்கில் சரக்கு இறக்கும் வரை வண்டிக்குள் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், முன்னெல்லாம் அந்த நேரத்தில் வீட்டுக்குப் பேசுவானாம்.

"இப்போ கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறாண்ணே. சும்மா ஸ்டீயரிங்கப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிடும் போல இருக்கு. உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?"

"தொந்தரவா? நானும் சும்மாதான் இருக்கேன். நீ பேசு" என்றார்.

அவன் பேசினான். மறுநாளும் பேசினான். பணத்தைப் பற்றிப் பேசியது முதல் இரண்டு நாள்தான். அப்புறம் டயர் விலை, மச்சானின் அலட்டல், தூங்கி வழிகிற கிளீனர், இவர் கட்டுகிற பல், அதைப் போட்டுக்கொண்டு தும்மினால் என்ன ஆகும் என்பது வரை எல்லாம் வந்தது. தும்மல் விஷயத்தில் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பல்செட்காரர் ஆறு மணிக்கே வீடு வந்து சேர ஆரம்பித்தார். முகம் கழுவி, சட்டை மாற்றி, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். போனில் பேச எதற்குச் சட்டை மாற்ற வேண்டும்? கேட்க ஆள் இல்லை, மாற்றிக்கொண்டார்.

மூன்று வாரம் போயிற்று. அவருக்கு வயசு ஐம்பத்தி நாலு, அந்த மூன்று வாரம் போல நல்ல நாள் அவர் வாழ்க்கையில் கொஞ்சமாகத்தான் வந்திருக்கிறது.

அப்போது குழுவில், போனதில் பாதியாவது திரும்பும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ரிவர்ஸ் கியர் உடனே எழுதினான்: "பாதிதான் வரும்னா முதல்ல கடைவாய் அண்ணனுக்குக் கொடுக்கச் சொல்லணும். தனி ஆளு, வயசாச்சு. என் பங்கு மெதுவா வரட்டும், எனக்குக் கை கால் இருக்கு." அறுபது பேர் சரி என்றார்கள். பூனைக்காரியும் சரி என்றாள்.

பல்செட்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. தேள் கொட்டின திருடன் மாதிரி, கத்தவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் கம்பெனியின் அறிவிப்பே வந்துவிட்டது. வேறொரு பெரிய நிறுவனம் அவர்களை வாங்கிவிட்டது, எல்லாருக்கும் முழுத்தொகையும் திரும்பும். யார் பெயருக்கு எவ்வளவு என்ற பட்டியல் வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் பார்க்கும்படி வெளியாகும், பணமும் அன்றே கணக்கில் ஏறும், தவறு இருந்தால் சொல்லலாம்.

குழுவே குதித்துக் கும்மாளம் போட்டது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இவருக்கு மடியில் ஒன்றுமே இல்லை, பயமே அதுதான்.

வியாழக்கிழமை டாக்டரம்மா ஒரு பல்செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தார்.

"அண்ணா, கீழ்வரிசை கேட்டா மேல்வரிசை செஞ்சு வச்சிருக்கீங்க. ஏற்கெனவே அவருக்கு மேல பல்லு நல்லாத்தான் இருக்கு. உடம்பு ஏதும் சரியில்லையா?"

"ஒண்ணுமில்லம்மா. மாத்திக் கொடுத்துடறேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் நடக்காத தப்பு. டாக்டரம்மா பல்செட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனை எடுத்தார். ரிவர்ஸ் கியர் சந்தோஷத்தில் இருந்தான்.

"நாளைக்கு லிஸ்டு வருதுண்ணே. உங்க கஷ்டம் தீர்ந்துச்சு. இந்தப் பணம் போனதுல எனக்கு வந்தது ஒண்ணுன்னா அது நீங்கதான். இதை எங்க வீட்லகூடச் சொல்லணும்."

"தம்பி, ஒரு விஷயம்."

"சொல்லுங்கண்ணே."

"சாப்பிட்டியா?"

"இனிமேதாண்ணே."

"போய்ச் சாப்பிடு" என்றார். வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பட்டியல் வந்தது. நாலாயிரம் வரி. அவர் தன் பெயரைத் தேடிப் பிடித்தார், இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்கேயோ இருந்தது. 'கடைவாய்' என்று போட்டு, எதிரே அந்த இரண்டு டீ. மேலே ஒருவனுக்கு வீடு வாங்குகிற தொகை, கீழே ஒருத்திக்குக் கார் வாங்குகிற தொகை, நடுவில் இவர். குருடன்கூடக் கண்டுபிடித்துவிடுவான் என்று தோன்றியது. மோட்டாரை நிறுத்திவிட்டு, யார் முதலில் கேட்கப்போகிறார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். இரும்பு மண்டையாகத்தான் இருக்கும். தன் ஏழு தலைமுறையை நினைத்துப் பாவமாக இருந்தது.

ஒருவரும் கேட்கவில்லை. "என்னுது சரியா இருக்கு" என்று ஒருத்தர். "எனக்கும்." "வந்துடுச்சு, நன்றி." "எல்லாரும் நல்லா இருங்க." இப்படியே நூறு நூறாக வந்து, எழுதியவர்கள் ஒவ்வொருவராகக் குழுவை விட்டு வெளியேறினார்கள். நாலாயிரம் என்றிருந்தது மூவாயிரமாயிற்று, சாயங்காலத்துக்குள் தொள்ளாயிரம். அவரவர் அவரவர் பெயரைத் தேடியிருக்கிறார்கள். அடுத்த வரியை எவன் பார்த்தான்?

தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தார், முகம் கழுவினார், சட்டை மாற்றினார். ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. பார்த்துவிட்டான், கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்தார். சனிக்கிழமையும் போன் வரவில்லை. அவ்வளவு கோபமா? ஞாயிற்றுக்கிழமை அக்கா பேசினாள், நாலு நிமிஷம். திங்கட்கிழமை அவருக்குத் தாங்கவில்லை. இத்தனை நாளும் அவன்தான் கூப்பிடுவான், அன்று முதல் தடவையாக இவர் கூப்பிட்டார். முதல் தரம் அவன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். ஐந்தாவது தரம் எடுத்தான்.

"அண்ணே, சொல்லுங்கண்ணே. நல்லா இருக்கீங்களா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். வீட்ல இப்போ பேசறா. பணம் வந்துடுச்சில்ல. இந்த நேரத்துல அவளும் பசங்களும் லைன்ல வந்துடறாங்க, அதான்."

"நல்லதுப்பா, ரொம்ப நல்லது. தம்பி, லிஸ்ட்ல என் பேரைப் பார்த்தியா?"

"எங்கண்ணே. என் பேரைத் தேடிப் பிடிக்கவே அரை மணி ஆயிடுச்சு. ஏன், உங்களுக்குக் குறைச்சலா போட்டிருக்காங்களா?"

"குறைச்சலா இல்ல. எனக்கு இருந்ததே ரெண்டு டீக் காசு. நாலு வருஷச் சேமிப்புன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். நீ உன் பங்கையே எனக்கு விட்டுக்கொடுக்கறேன்னு நின்னே. அப்பகூட நான் வாயத் திறக்கல."

அந்தப் பக்கம் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாய்க்கு வந்தபடி திட்டட்டும், ஏமாத்துக்காரன் என்று சொல்லட்டும், எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லத் தயாராக இருந்தார்.

ரிவர்ஸ் கியர் சிரித்தான். நல்ல சிரிப்புதான், அதில் குத்தல் எதுவும் இல்லை.

"அட, இதுக்கா இப்படித் தவிக்கறீங்க? நல்லதாப் போச்சு, உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்லையே. விடுங்கண்ணே."

"உனக்குக் கோபம் வரலையா?"

"எதுக்குண்ணே? பார்த்துப் பழகாத ஆளு மேல என்ன கோபம்" என்றான் அவன், ஆறுதலாக. "சரிண்ணே, வீட்லேருந்து கால் வருது. உடம்பப் பாத்துக்கோங்க."

பேசியது மூன்று நிமிஷம் என்று போன் காட்டியது. நாலாயிரம் பேர் அழுத அழுகையெல்லாம் அடங்கி, அவரவர் வீட்டில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு டீக் காசு பறிகொடுத்தவர், மாற்றிய சட்டையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் அழுதார்.