சுக சதனத்தில் ஒரு சின்ன அசௌகரியம்

எனக்கு வாய் அதிகம் என்று மாட்டுங்கா முழுக்கத் தெரியும். என் பிள்ளை டில்லிக்கு மாற்றலாகிப் போனபோது என்னைச் செம்பூர் சுக சதனத்தில் கொண்டுவந்து சேர்த்தான். அந்த வாய்தான் காரணம் என்று நாட்டுப்பெண் யாரிடமோ சொன்னாளாம். சொல்லிவிட்டுப் போகட்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். ஆனால் இந்த விஷயத்தில் பிழைக்க வேண்டியவள் நான் இல்லை, பக்கத்துக் கட்டில் அபயாம்பாள். அவளுக்கு வாயே கிடையாது.

சுக சதனம் என்பது எங்களைப் போன்ற கிழடுகட்டைகளுக்காக மாட்டுங்காப் பெரிய மனுஷர்கள் கமிட்டி போட்டு நடத்துகிற இடம். மானேஜர் ஜகந்நாதன், ஏதோ ஒரு பெரிய ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிடையரானவர். பாகிஸ்தான் சண்டை ஓய்ந்து, இருட்டடிப்புக்காக ஜன்னலில் ஒட்டின கறுப்புக் காகிதத்தைக்கூட நாங்கள் இன்னும் கிழிக்கவில்லை. மழையும் சரியாகப் பெய்யாத வருஷம். குழாயில் காலையிலும் சாயங்காலமும் கொஞ்சம் தண்ணீர் வரும். தேசமே சிக்கனமாக இருக்கிறபோது சுக சதனம் மட்டும் சும்மா இருக்கலாமா என்று ஜகந்நாதன் யோசித்தார். யோசித்து, மத்தியானச் சாப்பாடு ஆனதும் கக்கூஸைப் பூட்டினார். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் திறப்பார். ஆண்கள் பக்கமும் பூட்டுதான், பாரபட்சமே இல்லை. அவர்களுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் இருந்தது. எங்களுக்கு என்ன இருந்தது?

சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு, வராந்தா சாய்வு நாற்காலியில் வெற்றுடம்போடு குறட்டை விடுவார். அந்தக் கோலத்தில் கிடக்கிற பிராமணனிடம் போய் எந்த மாமி சாவி கேட்பாள்?

அபயாம்பாள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். காலையில் அரை டம்ளர் காப்பி, அவ்வளவுதான். உதடு வெடித்தது, நாக்கு உலர்ந்து பேச்சு குழறியது. இடுப்பெலும்பு முறிந்து கூடியவள், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். இப்போது எழுந்தாலே தலை சுற்றிற்று. டாக்டர் வந்து பார்த்தார். நிறையத் தண்ணீர் குடிக்கணும், இல்லாவிட்டால் கிட்னி கெட்டு உயிருக்கே ஆபத்து என்று சொன்னார். அவரிடம் நன்றாகத் தலையை ஆட்டினாள். அவர் படி இறங்கியதும் கூஜாவைத் தள்ளி வைத்தாள்.

ஜகந்நாதனிடம் சண்டைக்குப் போனேன். அவர் கோபிக்கவே இல்லை. எந்தப் புகாரும் கமிட்டிக்கு எழுத்து மூலமாக, மானேஜர் வழியாகப் போக வேண்டும் என்றார். மானேஜர் மேலேயே புகார் என்றால்? அதுவும் மானேஜர் வழியாகத்தானாம். திருடனைப் பிடிக்கத் திருடனிடமே மனுக் கொடுப்பது என்பது இதுதான்.

எழுத உட்கார்ந்தால் அபயாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த வார்த்தை வரப்படாதுடி. ஆம்பிளைகள் கூட்டத்திலே உரக்கப் படிப்பா. நான் உசிரை விட்டுடுவேன். சத்தியம் பண்ணு.”

பண்ணித் தொலைத்தேன். பெண்களுக்கு மத்தியான வேளையில் ஓர் அசௌகரியம் இருக்கிறது, நிவர்த்தி பண்ண வேண்டும் என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தேன். ஜகந்நாதன் அதன் அடியில், ‘விசாரித்தேன், அப்படி எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை’ என்று எழுதி அனுப்பிவைத்தார்.

கமிட்டியில் இதைப் பற்றி வெகு நேரம் பேசினார்களாம். மின்விசிறியாக இருக்கும் என்றார் ஒருவர். டிராம்பே எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வருகிற நாற்றம் என்றார் இன்னொருவர். கடைசியில், வெயில் காலமாச்சே, தாகமாகத்தான் இருக்கும் என்று ஏகமனதாக முடிவு பண்ணினார்கள். மறுநாளிலிருந்து எங்கள் எல்லோருக்கும் மத்தியானம் பெரிய டம்ளர் நிறைய நீர்மோர் வந்தது. கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் போட்டு நன்றாகத்தான் இருந்தது. அபயாம்பாள் அதை விஷத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

நான் விடவில்லை. இன்னொரு கடிதாசு கொடுத்தேன். நேரில் விசாரிக்கச் செக்ரட்டரி பஞ்சுவை அனுப்பினார்கள். பாவம், சாது மனுஷர். குடையும் கையுமாக மாட்டுங்காவிலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஜகந்நாதனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார். சௌக்கியமா மாமி, ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். நம்மவர்களிடம் சௌக்கியமா என்று கேட்டால், பாடையில் படுத்திருந்தாலும் என்ன பதில் வரும்? அபயாம்பாள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பகவான் கிருபையில் ஒரு குறையும் இல்லை என்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். சத்தியம் பண்ணியிருக்கிறேனே, மூடிக்கொண்டேன். பஞ்சு காப்பி சாப்பிட்டார், மோர் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார், திருப்தியோடு பஸ் ஏறினார்.

அதற்கப்புறம் ஒரு நாள் மத்தியானம், கட்டிலிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கண் செருகிக்கொண்டது. முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயில் கொஞ்சம் விட்டேன். முழிப்பு வந்ததும் அதைத் துப்பினாள். வேண்டாம்டி, பூட்டியிருக்கு என்றாள். சாகப் போகிற நேரத்திலும் அதுதான் கவலை.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆங்காரம் வந்ததோ. வராந்தாவுக்குப் போனேன். ஜகந்நாதன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சாவியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். சாவி வந்தது, கூடவே பூணூலும் அறுந்து வந்தது. அவர் அலறினார் பாருங்கள், பிரளயமே வந்த மாதிரி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்து, அபயாம்பாளை அணைத்து அழைத்துக்கொண்டு போய் வந்தேன்.

ஜகந்நாதன் கொடுத்த புகார் எந்த மானேஜர் வழியாகவும் போகவில்லை, டெலிபோனில் போயிற்று. என் புகாருக்குப் பஞ்சுவைப் பஸ்ஸில் அனுப்பின கமிட்டிக்காரர்கள் பூணூலுக்கு டாக்ஸியில் வந்தார்கள். அதற்குள் ஜகந்நாதன் ஓர் அண்டாத் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லிப் புதுப் பூணூல் போட்டாயிற்று. கக்கூஸைப் பூட்டிச் சாவியை அதில் முடிந்தும் ஆயிற்று. தேசத்தின் தண்ணீரில் ஓர் அண்டா அன்றைக்குப் போனதை யாரும் கேட்கவில்லை.

எங்கள் அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். சாவி வேண்டியிருந்தது என்றேன். எதற்கு என்றார்கள். அபயாம்பாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். நான் பதில் சொல்லவில்லை. வாயாடி என்று பேர் வாங்கினவள் வாயைத் திறக்காததே பெரிய குற்றமாகிவிட்டது. கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பிள்ளைக்குத் தந்தி கொடுத்து அழைத்துப் போகச் சொல்லலாம் என்று தீர்மானம் எழுத ஆரம்பித்தார்கள். டில்லியில் எனக்கு இடம் இருந்தால் நான் ஏன் செம்பூருக்கு வருகிறேன்?

அப்போது பக்கத்துக் கட்டில் கிரீச்சிட்டது. அபயாம்பாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலைப்பு நழுவியிருந்தது, அதை அவள் சரிபண்ணிக்கொள்ளவில்லை.

“எனக்கு ஒண்ணுக்கு வந்தது. அதுக்குத்தான் சாவி.”

தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா அப்படியே நின்றது. பஞ்சு தரையைப் பார்த்தார்.

“தினமும் மத்தியானம் வரது. நீங்க அனுப்பற மோரைக் குடிச்சா இன்னும் ஜாஸ்தி வரும். கக்கூஸைப் பூட்டினா நான் எங்கே போவேன், சொல்லுங்கோ.”

ஜகந்நாதன் கனைத்துக்கொண்டு, எழுத்து மூலமாக என்று என்னமோ ஆரம்பித்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கையைப் பஞ்சுவிடம் நீட்டினாள்.

“இப்பவும் வரது. கையைப் பிடிச்சுக்கோங்கோ, அவரைப் போய்த் திறக்கச் சொல்லுங்கோ.”

பஞ்சு எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஜகந்நாதன் சாவி முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டே முன்னால் ஓடினார். வாசற்படி வரைக்கும் போனவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அகிலாண்டம், நான் வரத்துக்குள்ளே ஒரு சொம்பு ஜலம் எடுத்து வை. தாகம் கொல்றதுடி.”