ஒரு நாள் முந்திக் கிழித்த தாள்

அன்று காலை எங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் கிசுகிசுப்பிலேயே நடந்தது. ஜப்பானின் யைசு துறைமுகத்தில் ஆயுள் முழுக்க மீன் ஏலம் கூவிய அப்பாவுக்கு அது சுத்தமாக வரவில்லை. வேறு வழியில்லை, டாக்டர் உத்தரவு அப்படி.

என் தங்கை ஷினோவுக்கு ரத்தக்குழாய்களில் அழற்சி. குழாய்கள் தடித்து அடைத்துப்போனதில் இரண்டு மணிக்கட்டிலும் நாடி கிடைக்காது, கணுக்காலில்தான் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு இப்போது மூளைக்குள் ஒரு குழாய் பயறு அளவுக்குப் புடைத்திருந்தது. ரத்த அழுத்தம் ஏறினால் வெடித்துவிடும், அவள் முன்னால் யாரும் கத்தக்கூடாது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பா சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினார்.

"கயோ, இன்னிக்கு புட்சுமெட்சுடி. எதுக்குமே ஆகாத நாள். நாளைக்கு தயான், நல்ல நாள். விடிஞ்சதும் கூட்டிட்டுப் போலாம்."

"அந்தப் பயறு நாள் பாத்துதான் வெடிக்குமாப்பா?"

"மெதுவாப் பேசு!"

"நீங்கதான் கத்துறீங்க!"

"நான் எங்கடி கத்துறேன்? என் கிசுகிசுப்பே இவ்ளோதான்!"

வாசலில் ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டியபடி உட்கார்ந்திருந்த ஷினோ சிரித்துவிட்டாள்.

"சத்தமாவே சண்டை போடுங்க. இப்படிக் குசுகுசுன்னு பேசினாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கை பின்மண்டைக்குப் போனது.

"அக்கா... யாரோ சுத்தியால அடிச்ச மாதிரி இருக்கு."

எனக்கு உயிரே போய்விட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டுத் திரும்பினால், அப்பா அந்த நாட்காட்டியையே முறைத்துக்கொண்டு நிற்கிறார். இப்போதுமா நல்ல நாள் பார்க்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள், அவர் அன்றைய தாளைச் சரக்கென்று கிழித்துக் கால்சட்டைப் பையில் திணித்தார்.

"தயான் ஆயிடுச்சு. கெளம்பு."

வண்டிக்குள் ஊழியர் ஷினோவின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து வெளிறிப்போனார். அப்பா கூப்பாடு போடப் போகிறார் என்று பயந்தேன். அவரோ ரகசியம் போலச் சொன்னார்.

"அங்க இருக்காது தம்பி. இங்க பாருங்க."

அப்பாவின் காய்ப்பு ஏறிய விரல்கள் அவள் கணுக்காலை விட்டு நகரவேயில்லை. "இருக்கு... இருக்கு..." என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சுரங்கப்பாதைக்குள் வண்டி நுழைந்ததும் அவர் குரல் நின்றுவிட்டது. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வெளிச்சம் வந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது.

"இருக்குடி," என்றார்.

புடைப்பு ஏற்கெனவே கசியத் தொடங்கியிருந்தது, இன்னொரு இரவு தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். உள்ளே கம்பிச்சுருள் வைத்து அடைத்தார்கள். ஷினோ மறுநாள் காலை கண் திறந்து, என் இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டாள்.

மாற்றுத்துணி எடுக்க நானும் அப்பாவும் வீட்டுக்கு வந்தோம். வழக்கம்போல நாட்காட்டியைக் கிழிக்கப் போனேன். கிழிக்க ஒன்றும் இல்லை, தயான்தான் தொங்கியது.

"பாத்தியா, தயான்லதான் கண்ணு முழிச்சா," என்றார் அப்பா பின்னாலிருந்து.

நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினேன். அப்பா கசங்கிய புட்சுமெட்சுத் தாளைத் தொடையில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பூஜை மாடத்தில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கைகூப்பினார்.

"ஆனா புள்ளையத் திருப்பிக் குடுத்தது இந்த நாளுதான்டி."

ஷினோ வீட்டில் இல்லை. நாங்கள் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் அழலாம். அழுதோம்.