சின்னவள் மிதித்தால் மட்டும்

அக்காவுக்குக் கோபம் வந்தால் முதல் அடி கார்க் கதவுக்குத்தான் விழும். அன்றைக்கு மெக்கானிக் ஷெட்டின் வாசலில் அவள் கதவைச் சாத்திய சாத்தில், தகரக் கூரைமேல் இருந்த புறாக்கள் படபடவென்று எழுந்து பறந்தன.

சின்னவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இறங்க மனசில்லை. இறங்கினால் மறுபடியும் தன் காலைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அக்காவும் இந்த ஒரு காரும்தான். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் மிதி பொருத்தி, ஓட்டுகிறவரின் மிதியோடு கேபிளால் இணைத்திருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் அவர் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அந்த மிதியைத் தொட்டதே இல்லை என்பதுதான் அக்காவின் பெருமை. சேர வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுவாள்: "என்கிட்ட படிக்கிறவங்க பிரேக்கை அவங்களேதான் போடுவாங்க. என் கால் சும்மா கிடக்கும்."

இப்போது அந்த வண்டியில் ஒரு சத்தம். பிரேக் போடும்போதெல்லாம் துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல் 'கீச்' என்று ஒரு கத்தல். பல் கூசும்.

"காதண்ணா! வெளியே வாங்க!"

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வண்டி தெருமுனை திரும்பும்போதே என்ன கோளாறு என்று காதால் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அவருக்குக் காது என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்படிக் கண்டுபிடிப்பார் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தவரும் அவரேதான்.

"மறுபடியுமா டீச்சர்?"

"அதை நான் கேக்கணும்! பிரேக் பேட் மாத்தினீங்க, கத்துச்சு. இன்னொரு செட் மாத்தினீங்க, அப்பவும் கத்துச்சு. சஸ்பென்ஷன்ல கோளாறுன்னு சொல்லி அடியில இருந்த ரப்பரையெல்லாம் பிடுங்கிப் போட்டீங்க. இப்ப பேட் புதுசு, ரப்பர் புதுசு, சத்தம் மட்டும் அதே பழசு!"

"நான் ஓட்டிப் பாத்தேன், வரல. நீங்க ஓட்டினா வருதா?"

"வரல. பசங்க ஓட்டினாதான் வருது. அதுலயும் இவ ஓட்டினா காது கிழியுது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிச் சின்னவளைப் பார்த்தார்கள்.

"அப்போ காலுதான் டீச்சர்," என்றார் காது, பெரிய வியாதியைக் கண்டுபிடித்தவர்போல. "அழுத்தி மிதிக்காம அரைகுறையா தேச்சுக்கிட்டே இருந்தா பேட் கண்ணாடி மாதிரி ஆயிடும். அப்புறம் கத்தாம என்ன செய்யும்?"

சின்னவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. அவள் நர்ஸ். பிறந்து சில நாளே ஆன குழந்தையின் கையில், யாருக்கும் அகப்படாத நரம்பைத் தேடிப் பிடித்து ஊசி போடுகிறவள். அவள் கையைப் பற்றி இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. காலைப் பற்றி மட்டும் ஊரே சொல்கிறது. லைசன்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றாகிவிட்டது. இரண்டு தடவையும் ஒரே இடத்தில், கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டிய வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. நாளைக் காலை மூன்றாவது டெஸ்ட். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை ஒன்று அவளுக்காகக் காத்திருக்கிறது. தானே கார் ஓட்டத் தெரிந்தால்தான் அந்த வேலை. நாளைக்கும் தோற்றால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

அவள் இறங்கினாள். அவளும் கதவை ஓங்கித்தான் சாத்தினாள்.

"டெஸ்ட் அன்னைக்கு மட்டும் பிரேக் கல்லு மாதிரி இருந்துச்சுன்னு எத்தனை தடவை சொல்றது? தினமும் காலை வெச்சதும் வெண்ணெய் மாதிரி இறங்குற பிரேக், அன்னைக்கு மட்டும் இறங்கல. சத்தமும் வரல."

"பயத்துல உனக்குக் காது அடைச்சிருக்கும்."

"எனக்கு ஒண்ணும் பயமில்ல."

"பயமில்லாதவ எதுக்குடி கோட்டைத் தாண்டிப் போற? எங்கிட்ட ஓட்டும்போது அச்சு மாதிரி நிறுத்துற. அந்த ஆபீசர் பக்கத்துல உக்காந்தா மட்டும் உனக்குக் கை கால் ஓடாது!"

காது நடுவில் புகுந்தார். கோபம் அவருக்கும்தான், ஆனால் அவருடையது வேறு கோபம். தன் காதையே ஒரு வண்டி ஏமாற்றுகிறதே என்ற கோபம். "சண்டையை வீட்டுல வெச்சுக்கோங்க. ஓட்டும்மா. நான் பின்னாடி படுத்துக் கேக்குறேன்."

ஷெட்டுக்குப் பின்னால் நீளமான முற்றம். அதன் கடைசியில் சுவரை ஒட்டிப் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். காது தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவிட்டு வந்து, பின் சீட்டில் குப்புறப் படுத்து, முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டார். அக்கா வழக்கமான தன் இடத்தில் உட்கார்ந்தாள். சின்னவள் ஓட்டினாள். கோடு நெருங்கியதும் பிரேக்கில் கால் வைத்தாள்.

கீச்.

வண்டி கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றது.

"பாத்தீங்களா!" என்றாள் அக்கா.

காதின் முகம் மாறியிருந்தது. "இது சக்கரத்துல வர்ற சத்தமில்ல. உள்ள இருந்து வருது. டீச்சர் பக்கம். இறங்குங்க டீச்சர், நான் அங்க உக்காருறேன்."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே இறங்கிச் சுவரோரமாக நின்றாள். காது அவள் இடத்தில் ஏறி, காலை ஒருபக்கமாக மடக்கிக்கொண்டு, காதை டேஷ்போர்டுக்குக் கீழே கொண்டுபோனார். சின்னவள் வண்டியைப் பின்னால் கொண்டுபோய் மறுபடியும் அதே வேகத்தில் வந்தாள். அதே இடத்தில், அதே மாதிரி பிரேக்கில் கால் வைத்தாள்.

சத்தம் வரவில்லை. வண்டியும் நிற்கவில்லை.

கோடு அடியில் போனது. அவள் பலம் கொண்டமட்டும் மிதித்தாள். கல். டெஸ்டில் மிதித்த அதே கல். வண்டி டயர் அடுக்கில் போய் 'தொப்' என்று முட்டி நின்றது. மேலே இருந்த டயர் ஒன்று சாவகாசமாக பானெட்டில் விழுந்து, உருண்டு, அக்காவின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

காது தலையைத் தூக்கவில்லை. கீழே கையை விட்டு எதையோ அழுத்தினார்.

கீச்.

இன்னொரு தடவை அழுத்தினார். கீச்.

"டீச்சர்," என்றார் மெதுவாக, "கத்துறது உங்க மிதி."

அக்கா ஜன்னலருகே வந்தாள். "அதை நான் தொடுறதே இல்ல."

"அப்போ இத்தனை நாளும் பேயா மிதிச்சுது? ரெண்டு செட் பேட் கழட்ட வெச்சீங்களே என்னை! வண்டிக்கு அடியில படுத்துப் படுத்து முதுகு போச்சு!"

"நான் தொடுறதில்லன்னு சொல்றேன்ல. அது தானா ஆடியிருக்கும்."

சின்னவள் இறங்கி அக்காவுக்கு நேரே போய் நின்றாள். குரல் நடுங்கியது. அழுகை என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள்.

"நான் காலை வைக்கிறதுக்குள்ள நீ மிதிச்சிருக்க. ஒவ்வொரு தடவையும். அதான் எனக்கு வெண்ணெய் மாதிரி இருந்திருக்கு. ஆபீசர் மிதிக்க மாட்டார், அதான் கல்லு. எவ்வளவு அழுத்தினா வண்டி நிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா! நான் ஒருநாளும் வண்டியை நிறுத்தினதே இல்ல!"

"உன் நல்லதுக்குத்தானே... எனக்கே தெரியாம கால் போயிருக்கும்."

"சைக்கிள் பழகினப்பவும் இதான் பண்ணின! விட்டுட்டேன், விட்டுட்டேன்னு கத்திக்கிட்டே பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடி வந்த. நான் ஓட்டுறேன்னு நினைச்சு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க!"

"நீ விழுந்து மூக்கை உடைச்சுக்கிட்டா அம்மா யாரைக் கேப்பாங்க?"

"உடைஞ்சா என் மூக்குதானே!"

அக்கா தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். தன்னிடம் படித்த மற்றவர்களும் டெஸ்டில் கோட்டைத் தாண்டித்தான் தோற்றார்கள் என்பது அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆபீசருக்குத் தன் ஸ்கூல்மேல் ஏதோ காழ்ப்பு என்றுதான் அவள் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அந்த மிதியைக் கழட்டுங்க," என்றாள் சின்னவள்.

"அது இல்லாம ஸ்கூல் வண்டி ரோட்டுக்குப் போகக் கூடாதும்மா."

"ரோட்டுக்குப் போகல. பொழுது சாயுறவரைக்கும் இந்த முற்றத்துலதான். காலையில எண்ணெய் விட்டு மாட்டிடுங்க."

காது டீச்சரைப் பார்க்கவில்லை. ஸ்பானரை எடுத்தார். கேபிளை விடுவித்து மிதியைக் கழற்றி, பிடுங்கிய பல்லைக் காட்டுவதுபோல் ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டு ஓரமாக வைத்தார். டயர்களையும் மறுபடி அடுக்கினார்.

"ஏறு," என்றாள் சின்னவள்.

அக்காவை யாரும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் ஏறினாள்.

முதல் தடவை வண்டி கோட்டை விழுங்கிவிட்டு நின்றது. அடுத்த தடவை சின்னவள் ஆத்திரத்தில் மிதித்த மிதியில், கோட்டுக்கு வெகு முன்னாலேயே நின்று, இரண்டு பேரின் தலையும் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. இரண்டு தடவையும் கீச் இல்லை. பதிலாக 'டொம்' என்று ஒன்று கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"எது?"

"உன் கால். தரையை மிதிக்குது."

"என் கால் சும்மா கிடக்கு."

"எனக்கே இங்க கேக்குது டீச்சர்!" என்று கோட்டருகே குந்தியிருந்த காது கத்தினார். காணாமல் போன மரியாதை அந்த ஒரு வாக்கியத்தில் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

"காலைத் தூக்கி சீட்டு மேல வை," என்றாள் சின்னவள். "சம்மணம் போட்டு உக்காரு."

"காருக்குள்ளயா? பைத்தியமாடி உனக்கு?"

"போடு."

அக்கா செருப்பைக் கழற்றினாள். சீட் பெல்ட்டைத் திட்டினாள், சீட்டைத் திட்டினாள், காதைத் திட்டினாள். கடைசியில் இரண்டு காலையும் மடக்கி, முழங்கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது. கோடு வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் அக்காவின் முழங்கால் கைகளின் பிடியை மீறித் துடிப்பது சின்னவளுக்குக் கடைக்கண்ணில் தெரிந்தது. அவள் பார்வையை விலக்கிக்கொண்டு, காலைப் பிரேக்கில் வைத்து, கல் இளகத் தொடங்கும் இடம் வரை அழுத்தி, அங்கேயே வைத்திருந்தாள்.

வண்டி எந்தச் சத்தமும் இல்லாமல் நின்றது.

காது குனிந்து பார்த்தார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்.

அக்கா பெருமூச்சு விட்டு என்னவோ சொல்லத் தொடங்கினாள்.

"பேசாதே," என்றாள் சின்னவள். கோபம் இன்னும் இறங்கவில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டாள். "இன்னொரு தடவை."

அக்கா காலைக் கீழே இறக்கவில்லை.