பூசைக்கு வந்த பெட்டி

மூடிக் கிடக்கும் எதையும் திறந்து பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிறவிக் குணம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், ஆஸ்திரேலியாவில், மெல்பனில் ஒரு நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் பகுதியில் வேலை கிடைத்தபோது, இந்தக் குணத்துக்குச் சம்பளமும் தருகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் மிஸ் வீஸ்னர் ஒரு பெட்டியைக் கொடுத்து, திறக்கக் கூடாது என்றார்.

ஹெர்த்தா வீஸ்னருக்கு எழுபது தாண்டிவிட்டது. செயின்ட் கில்டாவில், கடற்கரைக்குப் பின்தெருவில், ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய தம்பி ஏர்வின் வியன்னாவில் பாட்டெழுதி, மெட்டுப்போட்டு, தானே பியானோ வாசித்துப் பாடியவர். யூதர் என்பதற்காக முதலில் அவரை மேடை ஏறவிடாமல் தடுத்தார்கள். பிறகு அச்சான பாட்டுகளை எரித்தார்கள். பிறகு அவரையே வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. மிஞ்சிய கையெழுத்துத் தாள்களை அக்கா இரண்டு சூட்கேஸ்களிலும் ஒரு தகரப் பெட்டியிலும் அடைத்துக்கொண்டு, ஷாங்காய் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தார்.

வந்த நாள் முதல் அவற்றை ஒருவருக்கும் காட்டவில்லை. வியன்னாவில் ஓர் அதிகாரி, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று ஒரு கட்டைக் கொண்டுபோனாராம். அதோடு சரி. "நான் செத்தால் எல்லாவற்றையும் என்னோடு புதைக்கச் சொல்லி வக்கீலிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று என்னிடம் முதல் நாளே சொன்னார். அவருக்கு இதய வருத்தம் வேறு. இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். எரித்தவர்கள் பாதி வேலை செய்தார்கள், மீதியை இந்த மனுஷி செய்து முடிப்பாரோ என்று எனக்குக் கோபம் வந்தது.

ஆறு மாதம் அலைந்தேன். அவர் போட்டுத் தரும் கறுப்புக் கோப்பியைக் கசாயம் போலக் குடித்தேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மனம் இளகி, தகரப் பெட்டியை மட்டும் தூக்கித் தந்தார். திங்கட்கிழமை தானே நூலகத்துக்கு வருவார். அவர் கண் முன்னால்தான் திறக்க வேண்டும். நாங்கள் தாள்களைக் கையாளும் விதம் பிடித்தால் சூட்கேஸ்களும் எங்களுக்கு, பிடிக்காவிட்டால் எல்லாம் மண்ணுக்கு. சத்தியம் செய்யச் சொன்னார், செய்தேன்.

அதற்குள் நூலகம் பூட்டிவிட்டது. திங்கள்வரை அவர் வீட்டிலேயே விட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டிராமும் ரயிலும் ஏறி கிளேட்டனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தேன். சுற்றியிருந்த சணல் கயிற்றை வழி முழுக்கத் தடவிப் பார்த்தேன். உள்ளே என்ன பாட்டு இருக்கும்? காதலா, ஒப்பாரியா? ஆனாலும் அவிழ்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, சரஸ்வதி பூசை. மெல்பனில் அப்போது எங்களுக்குக் கோயில் ஏது? குசினி அலமாரிதான் கோயில், என் கணவர் தேவராஜாதான் ஐயர். நான் தேங்காய் வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள் அவர் எல்லாம் அடுக்கிவிட்டார். பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள், அவருடைய கல்குலேட்டர், என்னுடைய தட்டச்சு மெஷின், அவல், கடலை, வாழைப்பழம். நடுவிலே தகரப் பெட்டி, வாய் பிளந்தபடி. மேலே கிடந்த தாளின் மூலையில் சந்தனம், அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு.

கையிலிருந்த தேங்காய் நிலத்தில் விழுந்தது.

"இஞ்சருங்கோ, இதை ஆர் திறந்தது?"

"நான்தான். பெட்டிக்குள்ள பூட்டி வைச்சால் சரஸ்வதி என்னெண்டு பார்க்கிறது?"

"ஐயோ, திறக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணி வாங்கின சாமானப்பா!"

"நீர் திறக்கேல்லையே, திறந்தது நானெல்லோ." கொஞ்சம்கூடக் கலங்காமல் சொன்னார். "சுரமும் எழுதிக் கிடக்கு, பாட்டும் எழுதிக் கிடக்கு. சரஸ்வதியின்ர சொந்தச் சாமான். அதை வெளியால வைக்கிறதோ?"

நான் பாய்ந்து தாளை எடுக்கப் போனேன். "தொடாதையும்! நாளைக்கு விடியத்தான் எடுக்கலாம்" என்று கையை மறித்தார். சரஸ்வதி பூசையன்று ஏட்டில் கை வைக்கக் கூடாது. அது எனக்கும் தெரியும். அறிவு எடு எடு என்றது, ஆனால் கை போகவில்லை. சந்தன ஈரம் நாற்பது வருடத்துத் தாளுக்குள் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே கடலை அவித்தேன். தேவராஜாவோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

எங்கள் நூலகத்தில் கறை எடுப்பவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் மிஸ் வீஸ்னர் கண் முன்னால் திறக்க வேண்டிய பெட்டியை அதற்கு முன் அவர்களிடம் எப்படிக் கொடுப்பது? ஞாயிறு காலை பூசை கலைந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தேவராஜாவையே கார் ஓட்டச் சொல்லி செயின்ட் கில்டாவுக்குப் போனேன். "நீங்கள் கீழ நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் படியேறினேன்.

மிஸ் வீஸ்னர் அவிழ்ந்த கயிற்றைப் பார்த்தார். பெட்டியைத் திறந்தார். பொட்டைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"அந்தப் பெண் தெய்வத்துக்கு என்ன வேலை?"

"படிப்பு, பாட்டு, வாத்தியம்."

"என் தம்பி யார் என்று உன் கணவருக்குச் சொன்னாயா?"

"இல்லை. அவர் கேட்கவும் இல்லை. இசையும் பாட்டும் என்று மட்டும் பார்த்தார்."

"யூதன் என்று?"

"தெரியாது."

"முன்னால் என்ன படைத்தீர்கள்?"

"அவல், கடலை, வாழைப்பழம்."

"வாழைப்பழம்!" என்று சிரித்தார். தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "இது என்ன பாட்டு, தெரியுமா?"

ஆறு மாதமாக நான் கேட்கத் துடித்த கேள்வி. தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவர் பாடினார். கரகரத்த குரல், பாதியில் மூச்சு வாங்கியது. பாடிக்கொண்டே இடையிடையே எனக்கு விளங்கப்படுத்தினார். ஊர்த்தலைவர் தூங்கும்போது கோழிகள் கொக்கரிக்கக் கூடாது என்று சட்டம். முட்டையிட்டுவிட்டு எப்படி ஐயா கொக்கரிக்காமல் இருப்பது என்று ஒரு கோழி கேட்கிறது. கடைசி அடியில் மிஸ் வீஸ்னர் கோழி போலவே கொக்கரித்தார்.

நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு கோழிப் பாட்டு. இதை எழுதியவனையா கொன்றார்கள்?

"அவர்கள் பாடவிடவில்லை" என்றார், கண்ணைத் துடைத்தபடி. "பிறகு நானும் பூட்டி வைத்தேன். இவ்வளவு காலம் நானே இதைப் பாடவில்லை. சூட்கேஸ்களையும் கொண்டு போ. யார் வந்து கேட்டாலும் திறந்து காட்ட வேண்டும். உன் கணவரைக் கூப்பிடு, அவரே தூக்கட்டும்."

தேவராஜா வந்து காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குற்றவாளி போல வாசலில் நின்றார். நான் அவசரமாக, "அந்தப் பொட்டைக் கறை தெரியாமல் எடுத்துவிடலாம், மிஸ் வீஸ்னர்" என்றேன்.

அவர் தாளின் மேல் கையை விரித்து மூடிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, தேவராஜாவைத்தான் பார்த்தார்.

"வேண்டாம். இவற்றை எரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மிதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கும்பிட்டவர் நீங்கள் ஒருவர்தான்."